சனம் கூடிய திருகோணமலையில் அவசரத்தில் வெளியேறுவது: வீதிக் கணக்கும் கால் கணக்கும்

கேள்வி இது: திருகோணமலையில் சனம் கூடிக்கொண்டே போகிறது, வாகனம் அதைவிட வேகமாகக் கூடுகிறது. இன்னொரு சுனாமியோ சூறாவளியோ வந்தால் இருக்கிற வீதிகள் தாங்குமா? வீதிகளை அகலமாக்கினால் சரிவராதா?

அகலமாக்கினால் அன்றாட நெரிசல் குறையும். சூறாவளிக்கும் ஓரளவு கைகொடுக்கும். சுனாமிக்கு அநேகமாக ஒன்றும் செய்யாது. காரணம் ஊர் கிடக்கிற கிடையிலேயே இருக்கிறது.

பட்டினம் ஒரு கழுத்து நிலத்தில் இருக்கிறது. கிழக்கே திறந்த கடல், மேற்கே உட்துறைமுகம். வெளியே போகும் பெருவீதிகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அனுராதபுரச் சந்தியால் கன்னியா, ஹொரவப்பொத்தானை நோக்கிப் போகும் ஏ12. பாலையூற்று, தம்பலகாமம், கந்தளாய் வழியாக ஹபரணை போகும் ஏ6. கிண்ணியா, மூதூர், வெருகல் என்று மட்டக்களப்புக்கு இறங்கும் ஏ15. வடக்கே நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை வீதி. இவற்றில் கடைசி இரண்டும் கரையோரமாகவே போகின்றன. கடலுக்குப் பயந்து ஓடுகிறவருக்கு அவை வழியே அல்ல. மிச்சம் இரண்டு. அந்த இரண்டிலும் வெளியே போகும் பக்கத்துக்குப் பெரும்பாலும் ஒரே தடம்தான்.

சனத்தொகை: மாவட்டத்தில் 1981இல் ஏறத்தாழ 2 இலட்சத்து 56 ஆயிரம் பேர், 2012 குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம். இன்று 4 இலட்சம் தாண்டிவிட்டது. 2,727 சதுர கிலோமீற்றர் மாவட்டத்துக்கு இது பெரிய தொகை அல்ல என்று தோன்றும். ஆனால் காட்டையும் குளத்தையும் வயலையும் கழித்துவிட்டுப் பாருங்கள்: சனம் பெரும்பாலும் கரையோரப் பட்டியிலும் பட்டினக் கழுத்திலும் குவிந்திருக்கிறது.

இனி ஒரு கணக்கு. எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். முறையைப் பிடித்துக்கொண்டால் உங்கள் பகுதிக்கு நீங்களே போடலாம்.

நல்ல இருதடப் பெருவீதி ஒன்றில் ஒரு திசையில் மணிக்கு ஏறத்தாழ 1,700 கார் போகலாம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அது நல்ல வெளிச்சத்தில், ஓரத்தில் நிறுத்திய லொறி இல்லாமல், சந்தி இல்லாமல். பதற்றத்தில், மழையில், நடுவே மாடு படுத்திருக்கும் வீதியில் பாதியை எதிர்பார்ப்பதே புத்தி. ஆகவே தடத்துக்கு 800 என்று வைப்போம். இரண்டு வீதிக்கும் 1,600. வாகனங்களைக் கார் அலகுக்கு மாற்ற வேண்டும்: மோட்டார் சைக்கிள் 0.3 முதல் 0.5, ஓட்டோ 0.8 அளவில், பஸ் 2.5 முதல் 3. எங்கள் ஊர்க் கலவைக்குச் சராசரியாக 0.6 எடுக்கலாம்.

50,000 பேர், நாலு பேர் குடும்பமாக 12,500 குடும்பம், குடும்பத்துக்கு ஒரு வாகனம். 7,500 அலகு வரும். 1,600ஆல் பிரித்தால் 4 மணி 40 நிமிடம். இது வீதி வெறுமையாக இருந்தால். வழமையான ஓட்டமே தடத்துக்கு மணிக்கு 300 இருக்கிறதென்றால் மிச்சம் 500தான். இரண்டு வீதிக்கும் 1,000. நேரம் ஏழரை மணித்தியாலம்.

இப்போது சனத்தை 20 வீதம் கூட்டிப் பாருங்கள். வெளியேற வேண்டியது 9,000 அலகு ஆகிறது. அதே நேரம் வழமையான ஓட்டமும் 360 ஆகிவிடுகிறது. மிச்சம் 440, இரண்டுக்கும் 880. நேரம் 10 மணித்தியாலத்துக்கு மேல். சனம் கூடியது 20 வீதம், வெளியேறும் நேரம் கூடியது 36 வீதம். மேலே உள்ள எண் வளரும்போது கீழே உள்ள எண் தேய்கிறது. “சனம் கொஞ்சம்தானே கூடியிருக்கு” என்று பழைய திட்டத்தையே வைத்திருப்பவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

அதைவிட மோசமானது வாகனத்தின் பெருக்கம். அதே 50,000 பேர், ஆனால் வீட்டுக்கு இரண்டு வாகனம்: மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு யாரும் ஓட்டோவில் மட்டும் போக மாட்டார்கள், அது லீசிங்கில் எடுத்தது. வெறும் வீதியிலேயே 9 மணி 20 நிமிடம் ஆகிவிடும். மனிதர் ஒருவர்கூடக் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வீதியை அகலமாக்குவதன் சிக்கலும் இதற்குள்ளே வருகிறது. ஒரு வீதியின் கொள்ளளவு அதன் மிக ஒடுங்கிய இடத்தின் கொள்ளளவுதான். பட்டினத்துக்குள் நாலு தடம் போட்டு, ஊர் எல்லையில் அது இரண்டாகக் குறுகினால், வரிசை இடம் மாறி நிற்கும், அவ்வளவுதான். முன்பு வீட்டு வாசலில் நின்ற சனம் இப்போது அனுராதபுரச் சந்தியில் நிற்கும். அகலமான வீதியை நம்பிக் கரைப் பக்கம் புதுக் கட்டடங்களும் எழும். சில வருடத்தில் கணக்கு பழையபடி வந்துவிடும்.

அடுத்தது நேரம். 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவுக்கு அப்பால் காலை 7 மணிக்குச் சற்று முன் நில அதிர்வு. இரண்டு மணித்தியாலத்துக்குள் அலை கிழக்குக் கரையில் ஏறிவிட்டது. அடுத்த முறை அதே இடத்தில் வந்தாலும் அந்த இரண்டு மணியும் சனத்தின் கைக்கு வராது. அதிர்வைக் கணித்து முதல் அறிவிப்பு வெளியாக 10, 15 நிமிடம். அது கொழும்பில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும், அங்கிருந்து மாவட்டத்துக்கும், பொலிசுக்கும், எச்சரிக்கைக் கோபுரத்துக்கும், பள்ளிவாசல், கோயில் ஒலிபெருக்கிக்கும் போய்ச்சேர இன்னொரு 15 முதல் 30 நிமிடம். கேட்டவர் நம்பி, பிள்ளையைத் தூக்கி, அடையாள அட்டையைத் தேடி, கதவைப் பூட்ட 20 நிமிடம். மிஞ்சுவது ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். இதை முன் சொன்ன 4 மணி 40 நிமிடத்தோடு ஒப்பிடுங்கள். எத்தனை தடம் போட்டாலும் எட்டாத இடைவெளி இது.

ஆகவே சுனாமிக்கு எங்கள் ஊரில் வாகனக் கணக்கைக் கீழே வைத்துவிட்டுக் கால் கணக்கை எடுக்க வேண்டும். சனத்தொகை கூடக் கூட இது இன்னும் உண்மையாகிறது. 3 மீற்றர் அகலமான ஒரு தடத்தில் மணிக்கு 800 அலகு போனால், 1,333 வாகனம், நாலு பேர் வீதம் 5,300 பேர். அதே 3 மீற்றரில் சனம் நடந்தால்? நெருக்கமாக நடக்கும் கூட்டத்தில் ஒரு மீற்றர் அகலத்தால் நிமிடத்துக்கு 80 பேர்வரை போகலாம். 60 என்று குறைத்தே வைப்போம். நிமிடத்துக்கு 180, மணிக்கு 10,800 பேர். இரண்டு மடங்கு. தவிர, வாகனம் நுழையாத ஒழுங்கை எல்லாம் கால்களுக்குத் திறந்திருக்கிறது. சந்தியில் ஒருவரை ஒருவர் மறித்து ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கவும் மாட்டார்கள்.

எங்கே நடப்பது? பட்டினத்துக்கு இயற்கை கொடுத்த விடை உவர்மலை. திருக்கடலூர், மனையாவெளி போன்ற கரைப்பகுதிகளில் ஒவ்வொரு ஒழுங்கைக்கும் அதற்கு எந்தப் பாதையால் ஏறுவது, அல்லது கிட்டவுள்ள எந்த உறுதியான மாடிக் கட்டடத்துக்குப் போவது என்று குறித்திருக்க வேண்டும். ஆரோக்கியமானவர் விநாடிக்கு ஒரு மீற்றர் நடப்பார். ஒரு கிலோமீற்றருக்கு 17 நிமிடம். முதியவரோடும் கைக்குழந்தையோடும் போகும் குடும்பம் 0.7 மீற்றர்தான்; அதற்கு 24 நிமிடம். திட்டம் போட வேண்டியது இந்த இரண்டாவது எண்ணுக்கு.

கோணேசர் கோயில் ஒரு விசித்திரமான விதிவிலக்கு. திருவிழா நாளிலோ நீண்ட விடுமுறையிலோ சுவாமிமலையில் பெரிய கூட்டம் நிற்கும். அவர்கள் நிற்கும் இடம் ஊரிலேயே உயரமான இடங்களில் ஒன்று. செய்தி கேட்டதும் அவர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய பிழை, பஸ்ஸில் ஏறி, கோயிலுக்கு வரும் வழியிலுள்ள பிரெட்ரிக் கோட்டை வாசலுக்கு இறங்குவது. அந்த வாசல் ஒரு பஸ் பட்டும் படாமலும் நுழைகிற அகலம். அதற்கு வெளியே இருபக்கமும் கடற்கரை. எனவே அங்கே வெளியேற்றத் திட்டமே தேவையில்லை. தேவைப்படுவது வாசலை வெளிப்போக்குக்கு மூடிவிட்டு, உள்ளே வர விரும்பும் கரைச்சனத்துக்கு நடைவழியாகத் திறக்க ஒரு ஆள், ஒரு ஒலிபெருக்கி. (கோட்டைக்குள் திரியும் மான்கள் எப்படியும் மேலே போய்விடும்.)

இனி பள்ளிக்கூடங்கள். 2004 சுனாமி வந்தது ஞாயிற்றுக்கிழமை, அதுவும் போயா தினம். வகுப்பறைகள் காலி. இதே அலை ஒரு செவ்வாய்க்கிழமை பகல் 11 மணிக்கு வந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். கோணேஸ்வரா இந்துக் கல்லூரி, சண்முகா, மெதடிஸ்த, சூசையப்பர், மரியாள் என்று பெரிய பாடசாலைகள் பட்டினத்துக்குள்ளேயே நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெற்றோர் மோட்டார் சைக்கிளில் உள்ளே வருவார். உள்ளே வரும் இந்த ஓட்டம் வெளியே போகும் தடத்தையும் சேர்த்து அடைத்துவிடும். பள்ளிவிடும் நேரத்து நெரிசலை ஊரில் பார்க்காதவர் இல்லை. அதைப் பயத்தோடு பெருக்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு மருந்து மலிவானது: பாடசாலை தன் பிள்ளைகளைத் தானே கால்நடையாகக் குறித்த உயரத்துக்குக் கொண்டுபோகும், பெற்றோர் பாடசாலைக்கு வராமல் அந்த உயரத்துக்கு வர வேண்டும். இதை வருட ஆரம்பத்தில் கடிதமாகக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, தவணைக்கு ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். என் மதிப்பில், பட்டினத்தின் வெளியேறும் நேரத்தைக் குறைக்க இதைவிடப் பலன் தரும் ஒரு தனி நடவடிக்கை கிடையாது. பெற்றோர் நம்பாவிட்டால் எதுவும் நடவாது. அவர்களும் ஒத்திகையில் ஒருமுறை கூட நடக்க வேண்டும்.

நிலாவெளியும் கிண்ணியாவும் வேறு வகை. நிலாவெளிப் பக்கம் புல்மோட்டை வீதி கடலுக்குச் சமாந்தரமாக ஓடுகிறது. கிழக்கே கடற்கரை, மேற்கே களப்பும் உப்பளமும். ஹோட்டல்களிலிருந்து வீதிக்கு வரும் ஒழுங்கைகள் ஒடுக்கம். எல்லோரும் வேனில் ஏறி வீதிக்கு வந்து பட்டினத்தை நோக்கித் திரும்பினால், கரைக்குச் சமாந்தரமாக ஒரு நீண்ட வரிசையில் நிற்பார்கள். வீதி அங்கே வழி அல்ல, கடக்க வேண்டிய கோடு. களப்பு குறுக்கிடாத இடங்களில் மேற்கே போகும் மண்பாதைகளைக் கண்டுபிடித்து, மதகு போட்டு, மாரியிலும் நடக்கக்கூடியதாக வைத்திருக்க வேண்டும். களப்பு குறுக்கிடும் இடத்தில் இரண்டு மூன்று மாடிக் கொங்கிரீட் கட்டடத்தின் மேல்தளம்தான் மிச்சம். புதிய ஹோட்டலுக்கு அனுமதி கொடுக்கும்போதே, மேல்தளத்துக்கு வெளிப்புறப் படிக்கட்டு, பூட்டாத கதவு, அயல்வீட்டாருக்கும் உரிமை என்று எழுதிவிட்டால் சனப்பெருக்கமே பாதுகாப்பாக மாறும். பிறகு கேட்டால் கிடையாது.

கிண்ணியாவில் 2009இல் திறந்த பாலம் கிட்டத்தட்ட 400 மீற்றர் நீளம். பாதைப் படகுக்குக் காத்திருந்த காலத்தோடு ஒப்பிட்டால் அது வரம். சுனாமி நேரத்தில் அது பொறி: கடல்நீர் உள்ளே புகும் வாயின் மேலேயே நிற்கிறது. 2004இல் கிண்ணியா வைத்தியசாலையே அலையில் அழிந்தது. கிண்ணியாச் சனம் பட்டினத்தை நோக்கிப் பாலத்துக்கு வரக்கூடாது, உள்நிலப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைச் சிறு பிள்ளைக்கும் தெரிய வைக்க வேண்டும். பாலத்தின் இரு முனையிலும் தடுப்புப் போட யார் பொறுப்பு என்று பெயரோடு எழுதியிருக்க வேண்டும். “பொலிஸ் பார்க்கும்” என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

எத்தனை பேர் என்ற கேள்விக்குக் குடிசன மதிப்பீட்டு எண் மட்டும் போதாது. அது நிரந்தர வதிவிடத்தில் எண்ணுகிறது. அலை வரும் நேரத்தில் கரையில் நிற்பவர் வேறு. வைகாசியிலிருந்து புரட்டாதிவரை நிலாவெளி, உப்புவெளிக் கரையில் உல்லாசப் பயணிகள். புறாமலைக்குப் படகில் போனவர்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக்கு மேற்குக் கரையிலிருந்து இங்கே வந்து வாடி போட்டுத் தொழில் செய்யும் மீனவர்கள். கோணேசபுரி வளாக மாணவர்கள். துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் தங்கி வேலை செய்பவர்கள். கிராம உத்தியோகத்தரின் பட்டியலில் இவர்களில் பலர் இல்லை. ஆகவே ஒரு பிரிவுக்கு நாலு எண் வேண்டும்: பகல், இரவு, உல்லாசப் பருவம், திருவிழா நாள். பெரிய எண்ணுக்குத் திட்டம் போடுங்கள். அதோடு ஐந்தாவதாக ஒரு சிறிய பட்டியல்: தானாக நடக்க முடியாதவர்கள், வீட்டு வாசல் அடையாளத்தோடு. அவர்களுக்குத்தான் ஓட்டோவும் வேனும். வீதியை மற்றவர்கள் கால்நடையாக விட்டுக்கொடுத்தால்தான் அந்த ஓட்டோவும், 1990 எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்சும் போக முடியும்.

சூறாவளிக்கு இந்தத் தர்க்கம் தலைகீழ். அது நாட்கணக்கில் முன்கூட்டித் தெரியும். 1964 டிசம்பர், 2000 டிசம்பர், 2020 டிசம்பர் 2இல் புரேவி: மூன்றும் இந்தக் கரையில்தான் ஏறின, மூன்றும் மாரியில்தான். உல்லாசப் பயணிகள் குறைந்த காலம் என்பது ஒரு ஆறுதல்; வீதிகள் நீரில் நிற்கும் காலம் என்பது தலைவலி. இங்கே வாகனம் உதவும், ஆனால் பஸ்தான் உதவும். 60 பேர் ஏறிய பஸ் 3 அலகு: அலகுக்கு 20 பேர். குடும்ப வாகனம் அலகுக்கு ஏழு பேரைக்கூடத் தாண்டாது. இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்களையும் தனியார் பஸ்களையும் எந்த நேரத்துக்கு எந்தச் சந்தியில் என்று முதல் நாளே பிரித்துவிட வேண்டும்.

நேரத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள். காற்று மணிக்கு 60 கிலோமீற்றரைத் தாண்டினால் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் ஓடக்கூடாது, மரம் விழத் தொடங்கும். அந்த மணியிலிருந்து ஓட்ட நேரத்தைக் கழியுங்கள், பிறகு சனம் ஆயத்தமாகும் நேரத்தைக் கழியுங்கள். கரையோரத் தொழிலாளிக்கு ஆயத்த நேரம் நீளம். வள்ளத்தை மேலே இழுத்து, வலையைச் சுருட்டி, வெளியிணைப்பு இயந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குள் வைக்காமல் அவர் ஒரு அடி நகரமாட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அது அவருடைய சோறு. எனவே உழவு இயந்திரங்களைப் பகலிலேயே கரைக்கு அனுப்பி அந்த வேலையை முடித்துக் கொடுத்தால், இரவில் கரையோர வீதியை அடைக்கும் உழவு இயந்திரப் பெட்டிகளும் இழுபடும் வள்ளங்களும் இருக்காது.

சூறாவளிக்கு இன்னொரு கண்ணி, போகிற திசையிலேயே வெள்ளம். ஏ6 கந்தளாய்க் குளத்தை ஒட்டித்தான் போகிறது. அந்தக் குளக்கட்டு 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு மாவிலாற்றுக் கட்டு உடைந்து மூதூர், வெருகல் பக்கம் மூழ்கியது. ஆகவே நீர்ப்பாசனத் திணைக்களத்தின் குள மட்டம் தெரியாமல் பஸ் வழித்தடம் தீர்மானிக்கக்கூடாது. பட்டினத்துக்குள்ளும் இதே கதை சிறு அளவில்: பள்ள நிலத்தை நிரப்பி வீடு கட்டியதால் மழைநீர் வீதிக்கு வருகிறது. சனப்பெருக்கம் வீதியைத் தின்னும் இன்னொரு வழி இது. வடிகாலைத் துப்புரவாக்குவது வெளியேற்றத் திட்டத்தின் ஒரு பகுதி என்று யாரும் நினைப்பதில்லை.

தங்குமிடம்: ஒருவருக்குக் கூரையின் கீழ் 3.5 சதுர மீற்றர், நாளுக்கு 15 லீற்றர் தண்ணீர், தொடக்கத்தில் 50 பேருக்கு ஒரு மலசலகூடம் என்பது சர்வதேச அளவுகோல். 7 மீற்றருக்கு 6 மீற்றர் வகுப்பறையில் 12 பேர். இருபது வகுப்பறைப் பாடசாலையில் 240 பேர்தான், ஆயிரம் அல்ல. பிரிவில் வீடுகள் கூடியும் பாடசாலைக் கட்டடம் கூடாதிருந்தால் பழைய தங்குமிடப் பட்டியல் பொய்ப் பட்டியல். நிரம்பிய தங்குமிடத்திலிருந்து திருப்பியனுப்பப்படும் சனம் காற்றடிக்கும் நேரத்தில் மீண்டும் வீதிக்கு வரும்; அதுதான் ஆபத்தான ஓட்டம்.

சந்திகளுக்கு ஒரே ஒரு விதி மனதில் இருக்கட்டும்: வலப்பக்கம் திரும்புவதைத் தடுத்துவிடுங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். வலம் திரும்பும் ஒவ்வொரு வாகனமும் எதிர்வரும் ஓட்டத்தை வெட்டுகிறது. அனுராதபுரச் சந்தியில் நேரே போவதும் இடம் திரும்புவதும் மட்டும் என்றால் ஒரு பொலிஸ்காரரே சமாளிப்பார். எதிர்த்தடத்தையும் வெளிப்போக்குக்குத் திருப்பலாமே என்று கேட்பார்கள். முடியும், ஆனால் அம்புலன்சும் திரும்பிவரும் பஸ்ஸும் எதால் உள்ளே வரும் என்பதற்கு முதலில் விடை வேண்டும். அமெரிக்காவில் 2005இல் ரீட்டா புயலுக்கு முன் ஹூஸ்டன் பகுதியை விட்டு 25 இலட்சம் பேரளவில் கிளம்பினார்கள். போகத் தேவையில்லாதவர்களும் சேர்ந்து கிளம்பியதால் பெருவீதிகள் மணிக்கணக்காக நின்றன. அங்கே புயலில் இறந்தவர்களைவிட வெளியேற்றத்தில் இறந்தவர்களே அதிகம். எனவே யார் போக வேண்டும் என்பதைப் போலவே, பாலையூற்று போன்ற உள்பக்கங்களில் யார் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதையும் அறிவிப்பில் ஊர்ப்பெயரோடு சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் மேசையில் போட்டது. சரிபார்க்க ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு அரை நாள் போதும். குறித்த உயரத்திலிருந்து மிகத் தூரமான வீட்டு வாசலைத் தெரிந்தெடுங்கள். எழுபது வயதுக்காரர் ஒருவர், நாலு வயதுப் பிள்ளை ஒன்று, ஒரு கைக்கடிகாரம். பள்ளிவிடும் நேரத்தில் ஒருமுறை, மின்வெட்டு உள்ள இரவு போல டோர்ச் மட்டும் வைத்து ஒருமுறை, குறித்த உயரம்வரை நடந்து நேரத்தை எழுதுங்கள். எந்த ஒழுங்கையில் புது மதில் எழும்பி வழி அடைபட்டிருக்கிறது, எந்தப் படலை பூட்டுப் போட்டிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். 30 நிமிடத்தைத் தாண்டினால் அந்தப் பிரிவுக்கு இன்னொரு பாதையோ கிட்டவுள்ள ஒரு மாடியோ தேட வேண்டும். அடுத்த வருடம் அதே வாசலிலிருந்து திரும்ப நடக்க வேண்டும். அதற்குள் அந்த ஒழுங்கையில் இன்னும் நாலு வீடு வந்திருக்கும்.